மேடைக்கு ஒரு கதை வேணுமா?

கதை சொல்லும் கூட்டங்களுக்கு இப்போ நல்ல மவுசு. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை கதை சொல்ல உட்கார்ந்தால் கூட்டம் கூடுகிறது. நம்ம விருதுநகர்ப் பக்கம் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டால், "எங்கிட்ட என்ன கதை இருக்கு?" என்று நழுவுவார். கரிசல்காட்டு ஆள் இப்படிச் சொல்லலாமா? மல்லாங்கிணறில் பிறந்த எஸ்.ராமகிருஷ்ணன், கரிசல் மண்ணின் நாதஸ்வரக்காரர்களை வைத்து எழுதிய 'சஞ்சாரம்' நாவல், 2018-இல் சாகித்திய அகாடமி விருது வாங்கியது.

சிவகாசிக்காரருக்குக் கதை வாசலிலேயே கிடக்கிறது. 1920-களில் அந்த ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். இது தகவல்தான். பாஷை தெரியாத ஊரில் முதல் ராத்திரியை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசித்தால், கதை மெல்ல எட்டிப் பார்க்கும்.

அதைவிட, வீட்டில் தீப்பெட்டி ஒட்டிய பாட்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள். மானாவாரிக் காட்டுக்கு மழை வேணும். ஒட்டின பெட்டி காய வெயில் வேணும். தாத்தா காட்டிலும் பாட்டி பெட்டியோடும் இருந்த வீட்டில், மேகம் கறுத்த அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள்? எனக்கென்னவோ, கல்கத்தா கதையைவிட இதற்குத்தான் கைதட்டல் கூடுதலாக விழும் என்று தோன்றுகிறது.