வான்வழி மீட்பு: தரையிலிருந்து ஒரு வரலாறு

  

1954இல் சிகோர்ஸ்கி எஸ்-55 வந்து சேர்ந்தபோது இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் வரலாறு தொடங்கியது. 1984இல் திருவனந்தபுரத்தில் தெற்கு விமானக் கட்டளையகம் அமைந்தது. இன்று தென் மாவட்டங்களில் வெள்ளமோ காட்டுத்தீயோ வந்தால் நம் கண்கள் தேடுவது கோவைக்கு அருகிலுள்ள சூலூர் தளத்தின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களைத்தான். அவற்றின் பணி பெரும்பாலும் பறந்த முறைகள், ஏற்றிய எடை என்று கணக்காகவே பதிவாகிறது. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீயின் மேல் 16,000 லிட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றியதாக அறிகிறோம். இந்தக் கணக்கு தேவைதான். ஆனால் மீட்பின் மறுபாதி தரையில் நடக்கிறது. அதை எழுதாத வரலாறு முழுமையாகாது. இதுவே இந்தக் கருத்தரங்கில் நான் உங்கள் முன் வைக்கும் கருத்து.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினார்கள். சூலூரிலிருந்து ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனால் இருட்டும் செங்குத்தான சரிவும் அன்றிரவு தடையாயின. தீப்புண்பட்டவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் உள்ளூர் மக்கள்தான். போர்வையையே தூளியாக்கிச் சுமந்து இறக்கினார்கள்.

2023 டிசம்பரில் திருச்செந்தூர்–சென்னை விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றது. சுமார் 800 பயணிகள். ஹெலிகாப்டர் வந்து உணவு போட்டது. கர்ப்பிணிப் பெண் ஒருவரையும் குழந்தையையும் தூக்கிச் சென்றது. அதுவரை பசியாற்றியது, தாங்களே வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்த புதுக்குடி மக்கள் ஆக்கிய சோறு.

2021 டிசம்பர் 8ஆம் நாளை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. சூலூரின் 109ஆம் ஹெலிகாப்டர் பிரிவைச் சேர்ந்த ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அன்று குடங்களில் தண்ணீரும் கையில் கிடைத்த கம்பளியுமாக ஓடியவர்கள் அவ்வூர் மக்கள். மீட்க வருகிறவர்களை மக்கள் மீட்க முயன்ற நாள் அது.

இனி சிவகாசி இருக்கும் நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் உதவிக்கு ஓடியவர்களும் மாண்டார்கள். இத்தகைய இடத்தில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது. அதன் விசிறிக் காற்று நெருப்பை ஊதிப் பெருக்கும், சிதறிக் கிடக்கும் வெடிமருந்தைக் கிளப்பிவிடும். நிலைமின்சாரம் இன்னோர் ஆபத்து. பறக்கும் ஹெலிகாப்டரின் உடலில் மின்னேற்றம் சேர்கிறது. அதனால்தான் மேலிருந்து இறங்கும் கொக்கி தரையையோ தண்ணீரையோ தொடும் வரை அதைப் பிடிக்கக் கூடாது என்று படைவீரர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். இந்தப் பாடம் சிவகாசித் தொழிலாளிக்குப் புதிதல்ல. அவர் பருத்தி உடுத்தி, வாசலில் பதித்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் மருந்து அறைக்குள் நுழைகிறார். படைவீரரும் பட்டாசுத் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் இருவருக்கும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆகவே இரண்டு பணிகளை இக்கருத்தரங்கு கையிலெடுக்க வேண்டும். ஒன்று, குரங்கணி, புதுக்குடி, நஞ்சப்பசத்திர மக்களின் வாய்மொழிச் சான்றுகளை, நேரில் கண்டவர்கள் இருக்கும்போதே, பதிவு செய்வது. படையின் பறப்புக் குறிப்பும் ஊராரின் நினைவும் அருகருகே அச்சேற வேண்டும். மற்றொன்று, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஆலைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் விலகி, ஆம்புலன்ஸ் எளிதில் எட்டும் இறங்குதளங்களை முன்கூட்டியே குறித்து வரைபடமாக்குவது. வரைந்ததை மாவட்ட நிர்வாகத்திடமும் சூலூர் தளத்திடமும் கொடுப்போம். தீப்புண்பட்டவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். விபத்து நடந்த பிறகு திடல் தேடக் கூடாது.

இவ்விரண்டு பணிகளையும் உங்கள் பொறுப்பில் ஒப்படைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.