இறங்கி ஏறும் உயரம்

1997 மே 23ஆம் நாள், நம் எம்.மகேந்திரனும் என்.மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்கள் ஆனார்கள். உயரம் 8,848.86 மீட்டர். அந்த மலையில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் ஏறிவிடுவதில்லை. ஒரு முகாம் வரை போய், மீண்டும் அடிவாரத்துக்கு இறங்குவார்கள். காற்று குறைந்த உயரத்துக்கு உடல் பழகவேண்டுமே! வாரக்கணக்கில் இப்படித்தான்.

ஒரு பாடம் போனதும் படிப்பையே கைவிடும் மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தொடர்புத்துறை டிப்ளோமாவில் நானும் செய்தி வாசிப்புப் பாடத்தில் தோற்றவள்தான். தோழிகள் பட்டம் வாங்கிய நாளில், இளையவர்களோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெட்கம்தான், மறைப்பானேன்? தொலைக்காட்சிக் கனவை ஓரமாக வைத்துவிட்டு, ‘இன்று ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்கவேண்டும்’ என்று மட்டும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். மறுநாள் இரண்டு பக்கம். நான்கு மாதம் போனது. இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் குரல் அங்கே பழகியதுதான்.