எழுதிய நூலும் எழுதப்பட்ட நூலும்



பத்து காவானில் இலத்தீன் இலக்கணமா எனச் சிலர் வியக்கலாம். அம்மொழி நமக்கு முற்றிலும் அயலதன்று. 1808ஆம் ஆண்டு முதல் பினாங்குத் தீவில் இயங்கிவரும் கத்தோலிக்கக் குருமடத்தில், பல நாட்டு மாணவர்க்கும் பொதுவான பயிற்றுமொழியாக நெடுங்காலம் விளங்கியது இலத்தீனே. சீகன்பால்கு வரைந்த தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஆலே நகரில் அச்சேறியதும் இலத்தீனில்தான். வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை அம்மொழியிலேயே எழுதினார். ஆகவே, நம் பெயரெச்சத்தை ஐரோப்பியர் இலத்தீன் வழியே நோக்கினர்.

இலத்தீனில் அவர்கள் கண்ட இணை 'பார்த்திகீப்பியும்'. பங்குகொள்வது என்பது அதன் பொருள். வினையின் காலத்தையும் பெயரின் வேற்றுமையையும் அது ஒருங்கே ஏற்கும். எழுதுதலைக் குறிக்கும் வினையிலிருந்து 'ஸ்கிரீபேன்ஸ்' (எழுதுகின்ற), 'ஸ்கிரீப்தூருஸ்' (எழுதவிருக்கின்ற), 'ஸ்கிரீப்துஸ்' (எழுதப்பட்ட) என்பன பிறக்கும். முதலிரண்டும் செய்வினை, மூன்றாவது செயப்பாட்டுவினை.

இவை தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கேற்பத் திரியும். நூலைக் குறிக்கும் சொல் அங்கே ஆண்பால். எனவே 'லிபெர் ஸ்கிரீப்துஸ்'. மடலைக் குறிக்கும் சொல் பெண்பால். எனவே 'எபிஸ்துலா ஸ்கிரீப்தா'. 'எழுதப்பட்ட நூலை' எனும்போது 'லிப்ரும் ஸ்கிரீப்தும்' என இரு சொல்லும் திரியும்.

தமிழிலோ 'எழுதிய நூலை', 'எழுதிய மடலுக்கு' எனப் பெயர் மட்டுமே உருபேற்கும், எச்சம் திரியாது. உருபேற்க வேண்டுமாயின், 'எழுதியவனை', 'எழுதியவளுக்கு' என வினையாலணையும் பெயராகும்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இலத்தீனில் இவ்வினைக்கு இறந்தகாலச் செய்வினை வடிவம் இல்லை. ஆதலால், நூலுக்கு அடையாக வரும்போது 'அவரால் எழுதப்பட்ட' என்றே அமையும். நமக்கு அந்நெருக்கடி இல்லை. எழுதிய புலவர், எழுதிய கோல், எழுதிய ஊர், எழுதிய பணி, எழுதிய நாள், எழுதிய நூல் என, நன்னூலார் வகுத்த அறுவகைப் பொருளையும் ஒரே எச்சம் தழுவுகிறது.

இருந்தும், மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பெயர்க்கையில் 'அவரால் எழுதப்பட்ட நூல்' என்றே எழுதிவிடுகிறோம். செயப்பாட்டுவினை தமிழுக்கும் உரியதே. செய்தவர் யாரென அறியாவிடத்து அது வேண்டும். செய்தவரைச் சொல்லுமிடத்து 'அவர் எழுதிய நூல்' என்பதே போதும். இதனை வகுப்பறையில் உணர்த்துவோமாயின், நம் மாணவரின் தமிழ் பெயர்ப்புத் தமிழாகாது.