தவக்காலத்துப் பிடியரிசி



தவக்காலம் நம் பகுதியில் பெரும்பாலும் மாசி, பங்குனித் திங்கள்களில் வருகின்றது. தை அறுவடை முடிந்து, களத்துமேடு வெறிச்சோடிக் கூலி வேலை அருகிவிடும் காலம் அது. திருநீற்றுப் புதனன்று, சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் இட்டு, 40 நாள் நோன்புக்கு அழைக்கின்றது திருச்சபை. நாளும் பட்டினி கிடக்கும் நம் சேரிக்கு நோன்பு எதற்கு என்று இளமையில் நான் சினந்ததுண்டு.

என் அன்னையாரோ, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டு வந்தார். பாஸ்கா நெருங்கியதும் அது எங்களினும் எளிய விதவை ஒருவரின் இல்லத்திற்குச் செல்லும். வாங்கியே பழகியவர்கள் என்று ஊரார் இகழ்ந்த குடும்பம் அன்று கொடுத்தது! பள்ளியிறுதித் தேர்வு தொடங்கிய காலையில் எங்கள் வீட்டில் கஞ்சி இல்லை. அப்பானையில் அரிசி இருந்தது. அன்னையார் அதைத் தொடவில்லை. வெறும் வயிற்றோடு சென்று எழுதினேன். அன்று எனக்குச் சினம் எழவில்லை.