தீரா நோய் எது?

(குற்றாலத்தில் நடைபெற்ற அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



விருடப தேவருக்குச் சிரேயாம்ச மன்னன் கரும்புச்சாறு அளித்த நாள் இது. ஆகார தானத்தின் பெருமையை ஆண்டுதோறும் இந்நாளில் கேட்டு மகிழ்கிறோம். நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நான் மருத்துவன் அல்லன். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். விழா மேடையில் மலம், குருதி என்றெல்லாம் பேசலாமா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். அந்தக் கூச்சத்தினால்தான் பலரும் காலம் கடந்து மருத்துவரிடம் செல்கின்றனர்.

தமிழகத்தில் இந்நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தேவதாசி முறை ஒழிப்புக்காகவும் சட்டமன்றப் பணிக்காகவும் அறிவோம். அவருடைய தங்கை இளம்வயதிலேயே மலக்குடற் புற்றுநோயால் மறைந்தார். அது 1920-களின் தொடக்கம். மருத்துவம் பயின்ற தமக்கை அருகில் இருந்தும் காப்பாற்ற வழியில்லை. அத்துயரமே பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அது பணி தொடங்கியது. டாக்டர் சாந்தா அடுத்த ஆண்டே அங்குச் சேர்ந்து, 2021-இல் மறையும் வரை அதையே தம் வாழ்வாகக் கொண்டார். ஒரு தங்கையின் நோய் இத்தனை பேருக்கு மருந்தாயிற்று.

அன்று தீராததாக இருந்த அந்நோய், இன்று தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டால் பெரும்பாலும் தீர்கிறது. குடலின் சுவரோடு நின்றுவிட்ட நிலையில் கண்டறியப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின் அந்நிலை தலைகீழாகிறது.

இந்நோய் பெரும்பாலும் ஒரே நாளில் புற்றாகத் தோன்றுவதில்லை. குடலின் உட்சுவரில் முதலில் சிறு சதைமொட்டு ஒன்று அரும்புகிறது. இதனைப் பாலிப் என்பர். எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகும் ஒன்றுக்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் வரை தேவைப்படுகின்றன. கொலோனோஸ்கோப்பி என்னும் உள்நோக்குக் கருவியால் அந்த மொட்டைக் கண்டு, அப்போதே அறுத்தெடுத்துவிட்டால் நோய் வருமுன்னரே தடுக்கப்படுகிறது. நோயைக் காணும் சோதனையே அதைத் தடுக்கும் சிகிச்சையாகவும் அமைவது மருத்துவத்தில் அரிது. இத்தனை நீண்ட அவகாசத்தை வேறு பல புற்றுகள் நமக்குத் தருவதில்லை.

"நாம் புலால் உண்ணாதவர்கள், மது அருந்தாதவர்கள், நமக்கு இது வராது" என்று நம்மவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை உண்டு. பதப்படுத்திய இறைச்சி இந்நோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. அமெரிக்காவில் அட்வென்டிஸ்டு கிறித்தவர்களிடையே நடந்த பெரிய ஆய்வொன்றில், மரக்கறி உண்போருக்கு இந்நோய் 22 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. 22 விழுக்காடு குறைவு என்றால் வரவே வராது என்று பொருளன்று. மரக்கறி உணவு என்று பெயரளவில் சொல்லிக்கொண்டு, எண்ணெயில் பொரித்ததும் சர்க்கரைப் பாகில் ஊறியதுமாக உண்டு, நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்தால் உடற்பருமனும் நீரிழிவும் வருகின்றன. இரண்டும் இந்நோய்க்குத் துணைபோவன. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையை அருகில் வைத்துக்கொண்டு நம் இலையில் பொரியலை ஓரத்துக்குத் தள்ளுகிறோம். இரவில் உண்ணாமை நம் அறம். அதை அறத்திற்காகவே காப்போம். அது புற்றைத் தடுக்கும் என்று மேடையில் சொல்ல எனக்குச் சான்று இல்லை.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் ஓராண்டுக்கும் மேலாக மலத்தில் குருதி கண்டும் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று தாமே முடிவு செய்து, கடையில் லேகியம் வாங்கி உண்டார். குற்றாலத்து நீரில் குளித்தால் சூடு தணியும் என்று நம்பினார். அருவி நீராட்டு உடலுக்கு இதம்தான். குடலின் உள்ளே இருப்பதை அது கழுவாது. இரத்தசோகையால் வகுப்பறையிலேயே மயங்கி விழுந்த பின்னரே பிள்ளைகள் அவரை அழைத்துச் சென்றனர். அறுவையும் மருந்தும் பெற்று நான்கு ஆண்டுகள் இருந்தார். ஐம்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

மூலம் நம் நாட்டில் மிகுதி என்பதனாலேயே எல்லாக் குருதிக்கும் அதையே காரணம் காட்டுகிறோம். மலத்தில் குருதி, சில வாரங்கள் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணம் தெரியாத இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் பார்த்தே முடிவு சொல்லவேண்டும். இளைஞர்களும் விலக்கல்லர். உலகின் பல நாடுகளில் ஐம்பதுக்குக் குறைந்த வயதினரிடம் இந்நோய் பெருகி வருகிறது. அதனாலேயே அமெரிக்காவில் 2021-இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைத்தனர். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவருக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னரே, கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் அரசு நடத்தும் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளையே கருதுகிறது. குடலுக்கு நாமே முன்வரவேண்டும். எளிய வழி, கண்ணுக்குத் தெரியாத குருதியை மலத்தில் கண்டறியும் சோதனை. உணவுக் கட்டுப்பாடு வேண்டாம், வலியில்லை, ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். குருதி தென்பட்டால் மட்டும் கொலோனோஸ்கோப்பி. கையிலிருந்து எடுக்கும் குருதியைக் கொண்டே கண்டறியும் சோதனைக்கு அமெரிக்கா 2024-இல் ஒப்புதல் தந்துள்ளது. ஆனால் பாலிப்பைக் காண்பதில் அது இன்னும் வலுவற்றது. மருத்துவரின் கண்ணுக்குத் தப்பும் சிறு மொட்டுகளைச் செயற்கை நுண்ணறிவு திரையில் சுட்டிக்காட்டும் முறையும் வந்துவிட்டது.

சிகிச்சையில் வந்துள்ள மாற்றங்கள் இன்னும் வியப்பானவை. நியூயார்க்கில் குறிப்பிட்ட மரபணுக் குறைபாடுடைய மலக்குடற் புற்று நோயாளர் 12 பேருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தை மட்டுமே அளித்தனர். அறுவையின்றி, கதிர்வீச்சின்றி, பன்னிருவர்க்கும் கட்டி மறைந்தது. இது 2022-இல் வெளியான செய்தி. மலக்குடற் புற்றுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே இவ்வகை. மருந்தின் விலையும் மிகுதி. எனினும் கட்டியை அவ்வகைக்குச் சோதித்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. மற்றவருள்ளும் ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் முதலில் தந்து, கட்டி முற்றும் கரைந்தால் அறுவையைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கின்றனர். வயிற்றில் பை வைத்துவிடுவார்களோ என்று அஞ்சியே மருத்துவமனைக்குப் போகாதவர்கள் இதை அறியவேண்டும். 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. குடற்புற்றுக்கு அறுவையும் மருந்தும் முடித்த 889 பேரில் ஒரு பாதியினரை மூன்றாண்டுகள் முறையாக உடற்பயிற்சி செய்யவைத்தனர். நோய் திரும்புவதோ இறப்போ அவர்களிடம் 28 விழுக்காடு குறைந்தது.

இனி நம்மவர்க்கே உரிய ஒரு செய்தி. புற்று என்று கேட்டவுடன் சில முதியோர், "மருந்து வேண்டாம், சல்லேகனை ஏற்கிறேன்" என்கின்றனர். அவர்களின் உறுதியை வணங்குகிறேன். ஆனால் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அவ்வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் அந்நோன்புக்கு எல்லை வகுத்துள்ளன. மாற்ற இயலாத நோயே அங்குக் கூறப்படுவது. எது மாற்ற இயலாதது என்பதை அந்தந்தக் காலத்து மருத்துவ அறிவைக் கொண்டே கூறவேண்டும். முத்துலட்சுமி அம்மையாரின் தங்கைக்கு அன்று மாற்றமில்லை. இன்று தொடக்க நிலையில் உள்ள ஒருவர் அந்நோன்பை ஏற்பதாகச் சொன்னால், அது நூல் கூறும் நிலைதானா என்று குடும்பத்தார் மெல்ல எடுத்துச் சொல்லவேண்டும். எல்லா மருத்துவமும் பயனற்றபின் அவர் என்ன முடிவு செய்தாலும் அது வேறு.

மாத்திரை உறைகளில் விலங்குப் பொருள் கலந்திருக்கிறதே என்று அஞ்சுவோர் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மாற்று இருந்தால் தருவார்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் 45 வயதைக் கடந்தோர் பட்டியலை எடுத்து, ஆண்டுதோறும் இந்த அட்சய திருதியையை ஒட்டி மலச்சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். குருதி தென்பட்டவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்ல ஒரு வாகனமும், துணைக்கு ஒருவரும் இருந்தால் போதும். முதலாண்டுச் செலவில் என் பங்கை இன்றே செலுத்திவிடுகிறேன்.