கல்வெட்டின் கடைசி வரிகள்



'ஆரணியைச் சுற்றிக் காணத்தக்கவை' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. நம் ஊருக்கு வருவோர் பெரும்பாலும் பட்டெடுக்கவே வருகின்றனர். முகூர்த்தப் புடைவையை வாங்கிக்கொண்டு மாலைப் பேருந்திலேயே திரும்பிவிடுகின்றனர். "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று அவர்கள் கேட்டால் நாமும் சற்றுத் தயங்குகிறோம். தயங்க வேண்டியதில்லை.

நகருக்குள்ளேயே கோட்டைப் பகுதி இருக்கிறது. ஆர்க்காட்டு முற்றுகைக்குப் பின், 1751 டிசம்பரில், இராபர்ட் கிளைவ் சந்தா சாகிபின் மகனுடைய படையையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் வென்றது ஆரணிக்கு அருகில்தான். ஐதர் அலியும் அயர் கூட்டும் 1782 சூன் மாதத்தில் மோதியதும் இங்கேதான். அவ்வாண்டு முடிவதற்குள் ஐதர் மறைந்தார். மறு ஆண்டில் கூட்டும் மறைந்தார்.

பூசிமலைக்குப்பத்தில், மலையடிவாரத்தில், ஆரணி ஜாகீர்தார் ஐரோப்பியப் பாணியில் எழுப்பிய மாளிகை சிதைந்து நிற்கிறது. ஆங்கிலப் பெண்ணொருத்திக்காகக் கட்டியது என்று ஊரார் கதை சொல்வர். தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயிலின் பெருங்கோபுரம் உண்டு. தேசூரை அடுத்த சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உண்டு. தமிழகக் கல்லில் நாம் காணும் பழைய ஆடல் சிவன் வடிவங்களுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

ஆயினும், ஓரிடத்தை மட்டுமே காண இயலும் என்பார்க்கு நான் திருமலையையே சொல்வேன். ஆரணிக்கும் போளூருக்கும் இடையே, வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள சமணத்தலம் அது. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயர்தாங்கிய குந்தவை ஜினாலயமும், ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர் திருவுருவமும், பழைய ஓவியங்களும் அங்கே உள்ளன. முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற பாறைக் கல்வெட்டும் அங்கே உள்ளது. 1024-25ஐ ஒட்டிய அக்கல்வெட்டின் மெய்க்கீர்த்தி, ஈழம் முதல் கங்கைக்கரை வரை அவன் வென்ற நாடுகளை வரிசையாக அடுக்குகிறது.

ஒருமுறை மாணவியரை அங்கு அழைத்துச் சென்றேன். மெய்க்கீர்த்தியை விளக்கி முடித்ததும், ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, இதைச் சொல்லவா இந்தக் கல்லை வெட்டினார்கள்?" அவள் தாய் வீட்டில் தறிக்குத் தார் சுற்றுபவர்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கல் வெட்டப்பட்டது வெற்றியைச் சொல்வதற்கன்று. பெரும்பாணப்பாடியில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிய 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்தாள். அதைப் பதிவு செய்யவே கல் வெட்டப்பட்டது. மன்னன் புகழ் முகவுரை. செய்தியோ கடைசி வரிகளில் இருக்கிறது. முகவுரையைப் பாடமாக்கிய நானும் அதுவரை செய்தியைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

பட்டுப் புடைவைக்கும் இதே நிலைதான். பெட்டியின்மேல் கடையின் பெயர் இருக்கிறது. பாவு நீட்டியவர், தார் சுற்றியவர், குழித்தறியில் கால் வைத்து நாள்கணக்கில் ஊடை கோத்தவர் ஆகியோர் பெயர் எதிலும் இல்லை. சாமுண்டப்பைக்குக் கடைசி வரியேனும் கிடைத்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தப் பத்தாண்டுகளில் நம் கவியரங்குகளில் இராசேந்திரன் பலமுறை கங்கைக்குச் சென்று மீண்டிருக்கிறான். சாமுண்டப்பை ஒருமுறையும் விளக்கேற்ற வந்ததில்லை. என் கட்டுரைகளும் அவ்வாறே என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் திங்களுக்கு ஓரிடமாக நாம் செல்வோம். ஒரு திங்கள் கோட்டை, ஒரு திங்கள் திருமலை, ஒரு திங்கள் நம் தறித்தெரு. கட்டியவன் பெயரோடு நின்றுவிடாமல், கல் சுமந்தவரையும் விளக்குக்குக் காசளித்தவரையும் கேட்டறிந்து எழுதுவோம். பட்டெடுக்க வருவோர் "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், அந்த ஏட்டை அவர்கள் கையில் கொடுப்போம்.