படிப்பும் பந்தும்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உம்மைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பயிர் ஆராய்ச்சிப் பகுதியில் வேலை செய்கிறேன். மழை குறைந்தால் கோதுமை எப்படித் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை. சனிக்கிழமைகளில் பந்தடிப்பேன். ஞாயிறில் மிருதங்கம் வாசிப்பேன்.

தொடக்கத்தில் இப்படிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு டெனிஸ்காரர், "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்?" என்று கேட்டார். "படிப்பேன்" என்றேன். "அது சரி, படித்து முடிந்த பிறகு?" என்றார். நான் பேசாமல் பாணைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதில், "பந்து சோறு போடுமோ?" என்று அப்பா சப்பாத்தைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். மிருதங்கமும் அன்றோடு உறைக்குள் போனது. அப்பாவில் பிழை சொல்லமாட்டேன். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து எங்களைப் படிப்பித்தவர். எங்கள் எதிர்காலத்தை நினைத்து அவருக்குப் பயம்.

ஆனால் இந்த நாட்டுக் கதை ஒன்றைக் கேளுங்கள். ஹரால்ட் போர் என்றொரு கணித மாணவர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டென்மார்க் உதைபந்தாட்ட அணியில் விளையாடியவர். பிரான்சை 17க்கு 1 என்று வென்று, வெள்ளிப் பதக்கம் பெற்ற அணி அது. இரண்டு வருடத்தில், 1910இல், கணிதத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவருடைய தமையன் நீல்ஸ் போரும் கழகமொன்றில் கோல் காத்தவர்தான். அவருக்கு 1922இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பந்து அவர்களுடைய படிப்பைக் கெடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய் யூத இனத்தவர் என்பதால் 1943இல் நாசிகளுக்குத் தப்பி, இரவில் படகேறிச் சுவீடனுக்குப் போனவர் நீல்ஸ் போர். அகதியாய் ஓடுவது என்னவென்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

போன மாதம் ஒரு அக்கா, "சோதனை வருகுது, மகளை வீணை வகுப்பால் நிற்பாட்டப் போறன்" என்றார். நிற்பாட்டாதேங்கோ அக்கா. நேரத்தைக் குறையுங்கோ, அடியோடு நிற்பாட்டாதேங்கோ. விட்டதைத் திரும்பப் பிடிக்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது. என் விரல்கள் இன்னமும் பழையபடி ஓடுவதில்லை.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.